அப்பாவின் லாரியைக் கிளப்பிய விடுமுறை

கெட்டுப்போன டீசலுக்கு ஒரு புளித்த வாடை உண்டு. பழைய மோரில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு மூடி வைத்தது போல மூக்குக்குள் ஏறி, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் விரலிடுக்குகளில் இரண்டு நாள் தங்கியிருக்கும். எனக்குப் பதினோரு வயதான ஆண்டின் கடைசிப் பள்ளி விடுமுறை முழுவதும் என் வலது கையில் அந்த வாடைதான் இருந்தது.

நாங்கள் அப்போது மலேசியாவில் சுங்கை சிப்புட் ஊருக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்து "லயத்தில்", தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். அம்மா பால்மரம் வெட்டினார், ரப்பர் மரங்களைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. அப்பா சொந்தமாக ஒரு பழைய டீசல் லாரி ஓட்டினார். செங்கல், பலகை, செம்பனைக் குலை என்று கிடைத்த பாரத்தையெல்லாம் ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் வெளியூர் போவார். திரும்பி வரும்போது கோயில் வளைவில் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். என் தம்பி குமரன் சாப்பாட்டில் இருந்தாலும் எச்சில் கையோடு வாசலுக்கு ஓடுவான்.

ஒரு நாள் மதியம் லாரியைக் காலியாக, தனியே ஓட்டி வந்தவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. நாங்கள் "ஸ்டோர்" என்று சொல்லும், எப்போதோ மூடப்பட்ட ரப்பர் ஆலைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டார். அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மறுநாள் விடிவதற்குள் அப்பா இறந்துபோனார். அப்போது குமரனுக்கு நான்கு வயது. உடம்பெல்லாம் அம்மை போட்டு, பீடோரில் சித்தி வீட்டில் கிடந்தான். அம்மை கண்ட பிள்ளையைச் சாவு வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். அவன் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாலை போட்ட படத்தைக்கூட அம்மா பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்.

வந்த அன்று சாயங்காலமே, "அப்பா எங்க?" என்று கேட்டான். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அவன் என் பக்கம் திரும்பியதும், "லாரி எடுத்துக்கிட்டு ஜோகூர் போயிருக்காரு" என்று நான்தான் சொன்னேன். அம்மாவுக்குக் கேட்டது, அவர் மறுக்கவில்லை. அவன் தூங்கிய பிறகு, "கொஞ்சம் பெருசாவட்டும், நானே சொல்லிக்கிறேன்" என்றார். லயத்துப் பெண்களிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். அவர்கள் தங்கள் பிள்ளைகளின் வாயையும் அடைத்து வைத்தார்கள். லாரி நின்ற ஸ்டோர் பக்கம் குமரனை யாரும் போகவிடவில்லை.

பெரியவர்கள் மௌனமாக இருந்தார்கள், அவ்வளவுதான். கதை கட்டியது நான். ஜோகூரில் பாரம் இறக்கிய அப்பாவைக் கிளந்தானுக்கு அனுப்பினேன், அங்கிருந்து தாய்லாந்து எல்லைக்கு அனுப்பினேன், கிரிக் மலைப்பாதையில் ஒரு யானையைக் கொண்டுவந்து லாரிக்கு முன்னால் நிறுத்தினேன். அப்பா வாழைப்பழம் கொடுத்து அதைக் கெஞ்சினார் என்றதும் குமரன் விழுந்து விழுந்து சிரித்தான். ஒவ்வொரு சாயங்காலமும், "அக்கா, இன்னிக்கு அப்பா எங்க இருக்காரு?" என்று என் மடியில் வந்து படுப்பான். உண்மையைச் சொல்வதென்றால், சொல்லும் நேரத்தில் எனக்கும் அப்பா அங்கெல்லாம் இருந்தார்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. பிறகு தோட்டம் கைமாறியது. பள்ளி விடுமுறை முடிவதற்குள் லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அம்மா ஈப்போவில் ஓர் அடுக்குமாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தார். அப்பாவோடு லாரியில் ஏழு வருடம் "கெலிண்டானாக", அதாவது உதவியாளாகப் போய்வந்த ரவி அண்ணனை வரவழைத்தார்.

"நம்ம வண்டி ஸ்டோர்கிட்ட நிக்கும்போது சாமான் ஏத்த ஏன் அடுத்தவன் லாரிய கூப்புடணும்? கெளப்பிப் பாரு ரவி. அப்புறம் நீயே ஓட்டு."

"ஒரு வருஷமா மழையில கெடக்கு லா அண்ணி. பார்க்கிறேன்," என்றார் அவர்.

விறகு பொறுக்கப் போவதாகச் சொல்லிக் குமரனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் அம்மாவும் கூடப் போனோம். லாரியின் சக்கரங்களில் கொடி ஏறியிருந்தது. டீசல் டேங்கின் மூடியை யாரோ திருடிப்போய்விட்டதால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. அடியில் இருந்த திருகைக் கழற்றியதும் முதலில் தண்ணீர், பிறகு கறுப்பாக வழவழவென்று ஏதோ கஞ்சி போல இறங்கியது. ரவி அண்ணன் அதை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"எண்ணெ கெட்டுப்போச்சு. இத அப்படியே எஞ்சினுக்குள்ள விட்டா பம்பு, நாசல் எல்லாம் போயிரும். மொத்தமாக் கழுவணும்."

டேங்கைக் கழற்றி இறக்கினார்கள். எண்ணெய் அளவு காட்டும் மிதவையை எடுத்த ஓட்டையில் என் கை மட்டும்தான் நுழைந்தது. தோள்வரை விட்டு, சுவரில் ஒட்டியிருந்த சேற்றைத் துணியால் வழித்து வழித்து எடுத்தேன். பிறகு ஒரு துண்டு இரும்புச் சங்கிலியையும் மண்ணெண்ணெயையும் உள்ளே போட்டு, அம்மா ஒரு பக்கமும் ரவி அண்ணன் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு, தொட்டில் ஆட்டுவது போல ஆட்டினார்கள். துரு செதில் செதிலாக வந்தது. காலையில் மரம் வெட்டிவிட்டு வந்த களைப்போடு அம்மா நான்கு நாள் அதை ஆட்டினார். ஊற்றிய மண்ணெண்ணெய் அதே தெளிவோடு வெளியே வந்த அன்றுதான் நிறுத்தினார்கள். குழாய்களைச் சைக்கிள் பம்பால் ஊதி அடைப்பெடுத்தோம். இற்றுப்போன ரப்பர் குழாய்களை மாற்றினோம். வடிகட்டிகளைப் புதிதாகப் போட்டோம். டீசலைப் பீய்ச்சும் நாசல்களை ரவி அண்ணன் துணியில் சுற்றி ஈப்போவில் ஒரு சீனர் பட்டறைக்குக் கொண்டுபோய், சுத்தம் செய்து வாங்கி வந்தார்.

கடைசி வேலை, காற்று எடுப்பது. "டீசல் வண்டிக்குக் காத்துதான் எமன்" என்று அப்பா சொல்வாராம். குழாய்க்குள் ஒரு கொப்புளம் நின்றாலும் எஞ்சின் பிடிக்காது. ரவி அண்ணன் வடிகட்டியின் மேல் இருந்த திருகைத் தளர்த்திப் பிடிக்க, நான் கைப்பம்பை அமுக்கினேன். நுரை நுரையாக வந்தது.

"இன்னும் காத்து வருது. நிறுத்தாத பாப்பா."

கட்டைவிரல் மரத்துப்போகும் வரை அமுக்கினேன். நுரை குறைந்து, கொப்புளங்கள் ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் டீசல் தேன் போல இழையாக வழிந்தது. திருகை இறுக்கிவிட்டு, இரவல் வாங்கிய பேட்டரியை மாட்டி அவர் சாவியைத் திருப்பினார். இரண்டு முறை வெறுமனே முனகியது. மூன்றாம் முறை இருமி, வெள்ளைப் புகை கக்கி, வண்டியே குலுங்க எஞ்சின் பிடித்துக்கொண்டது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் எங்கள் மூவரில் ஒருவருக்கும் குமரனின் நினைப்பே வரவில்லை.

நான் நடுவில், அம்மா கதவோரம், ரவி அண்ணன் ஓட்ட, லயத்துக்கு வந்தோம். கோயில் வளைவில் அவர் கை தானாகப் போய் இரண்டு முறை ஹாரன் அடித்தது. அடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"அப்பா வந்தாச்சு! அப்பா வந்தாச்சு!"

குமரன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல் ஓடி வந்தான். ஓட்டுநர் பக்கத்துக் கதவை இரண்டு கையாலும் தட்டினான். ரவி அண்ணன் திறக்க மனம் வராமல் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவன் இந்தப் பக்கம் சுற்றி வந்து, அம்மாவையும் என்னையும் மிதித்து ஏறி, அப்பா படுத்துறங்கும் பின்பலகையை எட்டிப் பார்த்தான். போர்வையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு என்னிடம் கேட்டான்:

"அக்கா, அப்பா எங்க எறங்குனாரு?"

"ஈப்போவுல…" என்று என் வாய் சொல்லத் தொடங்கிவிட்டது. "ஈப்போவுல எறங்கிட்டாரு, உனக்குச் சாமான் வாங்க…"

"போதும் செல்வி," என்றார் அம்மா. அவனை இறக்கி, செம்மண்ணில் உட்கார்ந்து, மடியில் இருத்திக்கொண்டார். "அப்பா செத்துட்டாருப்பா. நீ பீடோர்ல இருந்தியே, அப்பவே செத்துட்டாரு."

அவன் அழவில்லை. லாரியிலேயே உட்கார்ந்திருந்த என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப அந்த யானை?"

"அது பொய்டா," என்றேன்.

அன்று சாயங்காலம் அவன் என் மடிக்கு வரவில்லை. அதற்குப் பிறகு எந்தச் சாயங்காலமும் வரவில்லை. மூன்று நாள் கழித்து அதே லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போனபோது, எனக்கு முதுகைக் காட்டி அம்மா மடியில் உட்கார்ந்து வழியெல்லாம் அழுதான்.

லயம் இருந்த இடத்தில் இன்று வரிசை வரிசையாக மாடி வீடுகள். ஸ்டோரை இடித்து மண் நிரவிவிட்டார்கள். அந்த லாரியை ரவி அண்ணன் சில வருடம் ஓட்டினார். அதன் வருமானத்தில்தான் நாங்கள் படித்தோம். பிறகு அது பழைய இரும்புக்குப் போனது. குமரன் ஈப்போவில் வேலை பார்க்கிறான். தீபாவளிக்குத் தவறாமல் வருகிறான், எனக்குச் சேலை எடுத்துத் தருகிறான். ஆனால் என்னிடம் எதையும் கேட்க மாட்டான். ஓர் இடத்துக்கு வழி தெரிய வேண்டுமென்றாலும் நான் பக்கத்தில் இருக்க வேறு யாரிடமாவது கேட்பான்.

போன வருடம் அம்மா இறந்துபோனார். நான் குடியிருக்கும் பத்து காஜா ஊரிலிருந்து போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைய ஆட்கள். குமரனின் மகளுக்கு மூன்று வயது. கூட்டத்துக்குள் புகுந்து வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தே, பாட்டி எங்க?"

நான் வாய் திறப்பதற்குள் குமரன் ஆட்களை விலக்கிக்கொண்டு வேகமாக வந்து, அவளை என் பக்கத்திலிருந்து தூக்கிக்கொண்டு வெளியே போனான்.