கயிறில்லாமல் தூக்கிய கால்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நாலு வருஷம் இருந்தேன். பிரேக் பாகங்களைச் சோதித்து அனுப்புவது என் வேலை. டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். கீறல் இருந்தால் சிவப்புப் பெட்டி, இல்லாவிட்டால் பச்சைப் பெட்டி. வீட்டில் எல்லோருக்கும் அதில் திருப்தி. எனக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று காத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருவேற்காட்டைத் தாண்டி ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் போவேன். அடிபட்ட நாய்கள், கைவிட்ட மாடுகள், இரண்டு கழுதைகள், யாரோ பண்ணை வைத்து நஷ்டப்பட்டு விட்டுப்போன ஓர் ஈமு கோழி. நாய்களைக் குளிப்பாட்டுவேன், கொட்டகை கழுவுவேன். அங்கே முழுநேரப் பராமரிப்பாளர் வேண்டும் என்று ஒரு நாள் தெரிந்தது. அன்றைக்கே போய்க் கேட்டேன். எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் மேனாம்பேட்டில் எங்கள் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள். அப்பா டிவியை அணைத்தார்.

"இன்னா வேலைன்ன?"

"மாடு, கழுதை மாதிரி ஜீவனுங்களப் பாத்துக்கிறதுப்பா. தீனி, மருந்து, பயிற்சி..."

"கொட்டா கழுவறதும் சேத்தியா?"

"ஆமா."

அப்பா சின்ன வயசில் அடுத்தவர் மாட்டுக் கொட்டகையில் வேலை செய்தவர். அவருடைய அப்பா அதே வீட்டு நிலத்தில் கூலி. அந்த நிலத்தில் இப்போது லிஃப்ட் வைத்த அடுக்குமாடி நிற்கிறது. பிறகு அப்பா ஒரு கம்பெனியில் லோடிங் ஆளாகச் சேர்ந்து, ஸ்டோர்ஸ் உதவியாளராக ஓய்வு பெற்றார். இன்றைக்கும் தெருமுனைக்குப் போவதென்றால்கூட இஸ்திரி போட்ட சட்டைதான்.

"பத்து வயசுல இன்னொருத்தன் ஊட்டு மாட்டுக்கு சாணி அள்ளினேன்" என்றார். "அந்த நாத்தம் என் ஒடம்ப உட்டுப் போவ எத்தினி வருஷம் ஆச்சு தெரியுமா? நீ அதத் தேடிக்கினு போறியா?"

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஒன்றாம் தேதி வேலையில் சேர்ந்தேன். அதற்கப்புறம் அப்பா என்னிடம் சாப்பிட்டாயா, மழை வருமா என்று பேசுவார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

முதல் வருஷம் முழுக்கக் கற்றுக்கொள்வதிலேயே போனது. எந்த மாடு காலையில் தண்ணீரைத் தொடவில்லை, எந்தக் கழுதை ஒரு பக்கமாகவே சாய்ந்து நிற்கிறது என்று என் கண்ணில் சட்டென்று படும். நாலு வருஷம் கீறல் தேடிய கண் ஆயிற்றே. மிருகங்களை அடக்காமல், அவற்றின் சம்மதத்தோடு சிகிச்சைக்குப் பழக்குவது பற்றி இணையத்தில் ஒரு படிப்பும் படித்தேன். பஸ்ஸில் போகும்போது பாடம், காப்பகத்தில் கழுதைகளிடம் பரீட்சை.

இரண்டாம் வருஷம் ஆனி மாதம் அந்தக் குதிரை வந்தது. கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளையைச் சுமந்த வெள்ளைப் பெண் குதிரை. வயசானதும் யாரோ குமணன்சாவடிப் பக்கம் ஒரு காலி மனையில் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நாலு குளம்பும் வளர்ந்து, ஓரம் பழைய செருப்பு மாதிரி மேலே வளைந்திருந்தது. முன்னங்கால் ஒன்றில் வெடிப்பு விழுந்து உள்ளே சீழ் கட்டியிருந்தது. மூன்று காலில் எடை வைத்து நின்றது.

குளம்பு சீவ லாடக்காரர் தன் ஆட்கள் இரண்டு பேரோடு வந்தார். கயிற்றைக் கண்டதும் குதிரையின் கண்ணில் வெள்ளை தெரிந்தது. மூன்று பேர் சேர்ந்து காலைக் கட்டப் பார்த்தார்கள். திமிறி, விழுந்து, எழுந்து உதைத்ததில் லாடக்காரர் சுவரோரம் போய் விழுந்தார்.

"மயக்க ஊசி போட்டாத்தாம்மா நான் கிட்ட வருவேன்" என்று தோளைப் பிடித்துக்கொண்டே போய்விட்டார்.

எங்கள் கால்நடை மருத்துவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். என் வயசுதான் இருக்கும். குதிரையின் மார்பில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

"இதயம் பலமா இல்லைங்க. மயக்கம் குடுத்தா எழுந்திருக்குமான்னு சொல்ல முடியாது. வலி மருந்தைத் தீனியில கலந்து குடுக்கலாம். ஆனா வெடிப்பு மேல ஏறிடுச்சுன்னா..." குழாயைக் கழுத்தில் மாட்டினார். "அப்புறம் கஷ்டப்படுத்தாம அனுப்பி வைக்கிறதுதான் நல்லது."

"எனக்கு ஆவணி வரைக்கும் டைம் குடுங்க டாக்டர். அதுவா காலத் தூக்க நான் பழக்கறேன்."

"தொடவே விடாத குதிரைங்க இது."

"தெரியும் டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

முதல் வாரம் அதைத் தொடவே இல்லை. கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வாசலில் கேரட் துண்டுகளோடு உட்கார்ந்திருப்பேன். பிடிக்காவிட்டால் அது விலகிப் போகலாம். அதுதான் முதல் பாடம், குதிரைக்கும் எனக்கும். பிறகு பெயின்ட் வாளியின் நீல மூடி ஒன்றைக் குச்சியில் செருகி நீட்டினேன். மூக்கால் அதைத் தொட்டால் நாக்கைத் தட்டி ஒரு 'டக்', உடனே ஒரு துண்டு கேரட். மூன்றே நாளில் அந்த 'டக்'குக்கு என்ன அர்த்தம் என்று பிடித்துக்கொண்டது. மூடி எங்கே போகிறதோ அங்கே நொண்டிக்கொண்டே வரும். அதற்கப்புறம் தோளில் கை. 'டக்'. முழங்கால். 'டக்'. காது பின்னால் மடங்கினால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், நான் ஓர் அடி தள்ளிப் போய்விடுவேன். ஆனி முடிவதற்குள் குளம்புக்கு நாலு விரல் மேலே வரை என் கை போய்விட்டது.

அப்புறம் ஆடி பிறந்தது. திருவேற்காட்டில் ஆடி என்றால் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பகத்துச் சுவரை ஒட்டி மேளமும் பேண்டுமாக ஓர் அம்மன் ஊர்வலம் போனது. ஊர்வலத்தில் நடந்தே வயசான குதிரை, அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படி நடுங்கும் என்று நான் நினைக்கவே இல்லை. உடம்பெல்லாம் வேர்த்து மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. மறுநாள் நீல மூடியைக் கண்டே பயந்தது.

செய்ததெல்லாம் போயிற்று. கேரட் டப்பாவோடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து, முகம் கழுவி, மறுபடி வாசலில் போய் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? இந்தத் தடவை என் செல்போனில் மேளச் சத்தத்தை மிகச் சன்னமாக ஓடவிட்டு, கூடவே கேரட் கொடுத்தேன். நாளுக்கு நாள் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். தெருவில் அடுத்த ஊர்வலம் போனபோது குதிரை காதை மட்டும் அசைத்துவிட்டு, கேரட் எங்கே என்பது போல என்னைப் பார்த்தது.

ஆடி கடைசி வாரம் ஒரு மத்தியானம். குளம்பு வைக்க ஒரு மரக்கட்டையைத் தரையில் வைத்துவிட்டு, என்ன செய்யச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் கையை நீட்டவில்லை, வாய் திறக்கவில்லை. குதிரை அந்த வலிக்கிற காலைத் தானாகத் தூக்கி, கட்டையின்மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. நாக்குத் தட்டக்கூட எனக்கு மறந்துபோனது. டப்பாவில் இருந்த கேரட் மொத்தத்தையும் கொட்டிவிட்டேன்.

அன்றைக்கு வீட்டில் சொன்னேன். "சனிக்கெழம லாடக்காரர் வர்றாரு. ஒரே ஒரு தடவ வந்து பாருங்கப்பா."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

சனிக்கிழமை காலையில் லாடக்காரர் தனியாக வந்தார். "இன்னாம்மா, மறுக்கா ஒத வாங்கி வெக்கக் கூப்ட்டியா?" என்று வாசலிலேயே நின்றார். மருத்துவர் வந்தார். அவருக்குப் பின்னால், இஸ்திரி போட்ட சட்டையில், அப்பா. வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

கயிறு இல்லை. கதவு திறந்திருந்தது. குதிரை மூடியைப் பின்தொடர்ந்து வந்து காலைக் கட்டையில் வைத்தது. லாடக்காரர் மெதுவாகக் குனிந்து சீவ ஆரம்பித்தார். இரண்டு தடவை அது காலை எடுத்துக்கொண்டு விலகிப் போனது. அவரைக் காத்திருக்கச் சொன்னேன். இரண்டு தடவையும் அதுவே திரும்பி வந்தது. வளைந்த ஓரமெல்லாம் தேங்காய்ப் பத்தை மாதிரி தரையில் விழுந்தது.

மருத்துவர் வெடிப்பைத் திறக்கக் கருவியை எடுத்தார். "இப்பத் தொடலாமுங்களா?"

"ரெண்டு நிமிஷம் டாக்டர். காது இன்னும் பின்னால இருக்கு."

அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். காது முன்னால் வந்ததும் தலையாட்டினேன். சீழ் வெளியே வந்தது. குதிரை ஒரு முறை உடம்பைச் சிலிர்த்தது, காலை எடுக்கவில்லை. மருத்துவர் மருந்து வைத்துக் கட்டுப் போட்டார்.

"இருவது வருஷமா இந்தத் தொழில்ல கீறேன்" என்றார் லாடக்காரர், எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "அதுவா கால நீட்டின குதிரய இன்னிக்குத்தாம்மா பாக்குறேன்."

குழாயடியில் கை கழுவும்போது அப்பா பக்கத்தில் வந்தார்.

"அந்த டாக்டரம்மா உன்னாண்ட கேட்டுட்டுத்தான் கையே வெக்கிறாங்க."

"இந்தக் குதிரையப் பத்தி எனக்குத்தானேப்பா தெரியும்."

அப்பா குழாயை மூடினார். "அந்தக் கொட்டாயில எந்த மாட்டுக்கு இன்னா நோவுன்னு எனக்கு மொதல்ல தெரியும். ஒருத்தனும் என்னாண்ட ஒரு வார்த்த கேட்டதில்ல" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, துடைத்துக்கொள் என்று நீட்டினார்.

அந்த வாரமே எங்கள் தெரு முழுக்க விஷயம் பரவிவிட்டது. எதிர்வீட்டு அக்கா கேட்டாள்: "நீ உத்தரவு குடுத்தாத்தான் டாக்டரே தொடுவாங்களாமே? உங்கப்பா சொல்றாரு." நான் மறுக்கவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் மற்ற மூன்று குளம்புகளும் அதே மாதிரி சீவியாயிற்று. ஆவணியில் கட்டுப் பிரித்தோம். வெடிப்பு மூடி, குளம்பு கெட்டியாக இருந்தது. காப்பகத்தில் பெரிய விலங்குகள் எல்லாவற்றுக்கும் என்னைப் பொறுப்பாக்கி, என் முறையிலேயே பழக்கச் சொன்னார்கள். முதலில் அந்த ஈமு கோழி. அது வேறு கதை, அது கொத்திய தழும்பு இன்னும் கையில் இருக்கிறது.

கட்டுப் பிரித்த அன்று குதிரையைப் பின்பக்கத்து மைதானத்தில் விட்டோம். இரண்டடி நடந்தது. நின்று, அந்தக் காலை ஊன்றிப் பார்த்தது. மறுபடி ஊன்றியது. பிறகு தலையை உதறிவிட்டு ஓடியது பாருங்கள், மழை பெய்த புல்லில் சேறு தெறிக்க, அந்தக் கடைசி வரைக்கும். மருத்துவர் கை தட்டினார். நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வேலியோரமாகக் கத்திக்கொண்டே அதன் கூடவே ஓடினேன்.