மழைக்கு ஒதுங்கினவர்

இதை எழுத உட்கார்ந்து, தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோன நாட்கள் பல. அம்மா இருக்கும்வரை வேண்டாமென்று இருந்தேன். அவள் போன பிறகும் கை வரவில்லை. எங்கள் வீட்டுச் சாமி அறையில், மாரியம்மன் படத்துக்குக் கீழே ஒரு பழைய படங்குச் சாக்கு மடித்து வைத்திருக்கிறது. வருகிறவர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைக்கிறார்கள். அது என் தாய்மாமாவுடையது.

மாமா இறம்பொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். கடல் கடந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் ஆட்களுக்கு இந்த நாட்டில் பிரஜாவுரிமை இல்லையென்று ஆகிப்போன காலம் அது. கங்காணியை எதிர்த்துப் பேசினார் என்று பத்துச்சீட்டுக் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அப்படி வந்தவரை வேறு தோட்டமும் சேர்க்கவில்லை. றொசல்ல ஸ்டேசனில் இறங்கி, அந்தச் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, மழையோடு எங்கள் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, லயத்துக்கு வந்தார். காம்பரா என்கிற ஒரே அறையில் நாங்கள் ஆறு பேர். அவர் ஏழாவது. தோட்டத்தில் பேர் பதியாத ஆளை வைத்திருப்பது தெரிந்தால் அப்பாவுக்கும் பத்துச்சீட்டுத்தான். வேலையாட்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை லயத்துப் பக்கம் வருகிறார் என்றால் மாமா வாளியைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போய், தண்ணீர் பிடிக்கிறவர்களோடு நின்றுகொள்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துப் பிள்ளைகளோடு கிளித்தட்டு விளையாடுவார். பக்கத்துக் காம்பரா அக்கா ஒருநாள், “என்னாண்ணே, ஒங்கள ஒப்புக்குச் சப்பாணியாத்தான் சேத்துக்கிட்டானுகளா?” என்று கேட்டார். “ஆமா தங்கச்சி. தொட்டாலும் அவுட்டு கெடையாது. அதுவும் ஒரு நிம்மதிதான்” என்றார் மாமா. எல்லோரும் சிரித்தோம். ஒப்புக்குச் சப்பாணி ஆட்டத்தில் நிற்கலாம், ஓடலாம், வியர்க்கலாம், ஆனால் அவன் இருந்ததாக யாரும் எண்ணமாட்டார்கள். அந்தப் பேச்சுக்கு அதுதான் பொருள் என்று அன்று எனக்கு உறைக்கவில்லை.

என் சொந்த அக்காவின் கல்யாணப் பேச்சுக்கு ஆட்கள் வந்திருந்தபோது மாமா தெரியாமல் உள்ளே வந்துவிட்டார். “சிவபூசையில கரடி பூந்த மாதிரி வர்றாரு பாரு, எம் மச்சான்” என்றார் அப்பா, சிரித்துக்கொண்டேதான். அதன்பிறகு வீட்டில் ஆள் இருந்தால் மாமா வாசலுக்கே வருவதில்லை. சிவன் அந்தக் கரடியை விரட்டினார் என்று எந்தக் கோயிலிலும் நான் கேட்டதில்லை. விரட்டியது பூசை செய்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு அப்போது பதினேழு வயது. பேர் பதிந்த ஆள். ஒரு பிற்பகல், அடைமழை. வீட்டில் நானும் அம்மாவும் மாமாவும் மட்டும். முன்னறிவிப்பில்லாமல் கணக்கப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். பீலிக்குப் போக நேரமில்லை.

“யாருடா இது?”

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: “தெரியாதுங்கய்யா. மழைக்கு ஒதுங்கின ஆளு.”

மாமா என்னைப் பார்த்தார். கோபமில்லை. அது இருந்திருந்தால் இத்தனை வருடம் என்னால் தாங்கியிருக்க முடியும். “ஆமாங்கய்யா, ஒதுங்கத்தான் வந்தேன். பொறப்பட்டுட்டேன்” என்றார். உள்சுவர் ஆணியில் அவருடைய சாக்குத் தொங்கியது. அதை எடுத்தால் இந்த வீட்டில் குடியிருப்பவர் என்று தெரிந்துவிடும். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வெறுந்தலையோடு மழையில் இறங்கி நடந்தார்.

இருட்டும்வரை காத்திருந்தோம். வரவில்லை. பொல்பிட்டியவில் மண் வெட்டுகிறார் என்றார்கள், போய்ப் பார்த்தோம், இல்லை. பிறகு பாட்டன் பூட்டன் ஊருக்கென்று கப்பல் கப்பலாக எங்கள் சனத்தை அனுப்பியபோது, ஹட்டன் ஸ்டேசனில் கப்பலுக்குப் போகும் ரயிலில் ஒவ்வொரு பெட்டியாகத் தேடினேன். நாடே எங்களை மழைக்கு ஒதுங்கினவர்களாகத்தான் பார்த்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

“தம்பி தானாத்தான் கெளம்பிப் போயிட்டான்” என்று அம்மா சாகும்வரை எல்லோரிடமும் சொன்னாள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். என் பிள்ளைகளும் இன்று அப்படியே சொல்கிறார்கள். இன்று என் பெயர் எல்லாப் பதிவிலும் இருக்கிறது. விளக்கேற்றும்போது அம்மனிடம் தினமும் மன்னிப்புக் கேட்கிறேன். பதில் வந்ததில்லை, வருமென்ற எண்ணமும் போய்விட்டது.

இதைப் படிப்பவர்கள் யாருக்காவது சொல்வதானால், மாமா தானாகப் போனார் என்று மாற்றிவிடாதீர்கள். தெரியாது என்று சொன்னது நான். சாக்கு இங்கேதான் இருக்கிறது.