சகலை வாயில் நுழைந்த ரப்பர் புழு

போன வருடம் தை மாதம், நாமக்கல் பக்கம் புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில், என் சகலையின் கோழிப்பண்ணையில் நடந்தது இது. சகலை என் மனைவியின் தங்கை கணவர், என்னைவிட ஆறு வயது இளையவர். நான் கூட்டுறவு சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவேன். அது ஒரு வியாதி என்பாள் என் மனைவி.

சேலத்திலிருந்து ஒரு சினிமாக் குழு வந்து பண்ணையில் படம் எடுக்க அனுமதி கேட்டது. பயமும் இருக்கும், சிரிப்பும் இருக்கும் என்றார்கள். கதை இதுதான்: வானத்திலிருந்து ஒரு கல் கோழிப்பண்ணையில் விழுகிறது. அதிலிருந்து வெளியே வரும் வேற்றுக்கிரகப் புழு ஒரு முட்டைக்குள் புகுந்துகொள்கிறது. அந்த முட்டையை உடைத்துக் குடிப்பவனின் வாய் வழியாகப் போய் மூளையில் குடியேறுகிறது. அவன் கோழி மாதிரி கொக்கரித்துக்கொண்டு அடுத்தவனைக் கொத்தப் போகிறான். இப்படியே ஊர் முழுக்கப் பரவுகிறது.

புழு முதலில் புகும் ஆளாக உள்ளூர் முகம் ஒன்று வேண்டும் என்றார் இயக்குநர். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றேன். பள்ளிக்கூடத்தில் மூன்று நாடகங்களில் நடித்தவன், ஒன்றில் ராஜாவாகவே நடித்தவன். இயக்குநர் என்னைத் தாண்டிப் பார்த்தார். அங்கே சகலை தீவன மூட்டையை இறக்கிவிட்டுத் தலையெல்லாம் தவிடோடு வந்துகொண்டிருந்தார். "இந்தக் கண்ணுதாங்க வேணும்" என்றார் இயக்குநர். சகலைக்குப் பிதுங்கிய முட்டைக்கண். எனக்கு, ஊரைவிட்டு ஓடும் கூட்டத்தில் ஓர் இடம் கொடுத்தார்கள். முப்பத்தொரு பேரில் பின்னாலிருந்து நான்காவது ஆள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வயிறு சரியில்லை. டீக்கடைக்குப் போனால், "என்னுங்க, உங்க சகலை ஹீரோ ஆயிட்டாராமா? நீங்க எதுல வாரீங்க?" என்று கேட்டார்கள். ஓடுவதில் வருகிறேன் என்று எப்படிச் சொல்வது? என் மனைவியே தங்கைக்குப் போன் போட்டு, "உங்க ஊட்டுக்காரருக்கு அந்த ஊதாச் சட்டை எடுப்பா இருக்கும் புள்ள" என்றாள். எனக்கு எது எடுப்பாக இருக்கும் என்று அவள் சொல்லிக் கேட்டதே இல்லை.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் உதவி இயக்குநரைத் தனியாக ஓரங்கட்டினேன். "அவருக்குச் சக்கரை இருக்குதுங்க. பாதியில முடியலைன்னா நான் தயாரா இருக்கறேன்" என்றேன். அந்தத் தம்பி தலையாட்டினார். திரும்பிப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சகலை நின்றுகொண்டிருந்தார். காதில் விழுந்ததா, இல்லையா என்று அப்போது தெரியவில்லை.

மறுநாள் விடியும்போதே அவர் வாயில் ரப்பர் புழுவை ஒட்டிவிட்டார்கள். பாதி வாய்க்குள், வால் பாதி தாடைக்கு மேல் தொங்கியது. ஒட்டவே வெகுநேரம் ஆனது. கறிக்குழம்பும் இட்டிலியும் வந்தபோது மேக்கப் போடும் பெண், "கழட்டிட்டுச் சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள். சகலை வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவருக்கு எதிரே உட்கார்ந்து நான் ஐந்து இட்டிலி சாப்பிட்டேன்.

அவர் காலி முட்டையைக் குடிப்பதுபோல் காட்டிவிட்டுத் துடித்துக்கொண்டு கீழே விழ வேண்டும். நான் கேமராவுக்குப் பின்னால் நின்று அவர் செய்யும் தப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் முறை கேமராவைப் பார்த்துவிட்டார். இரண்டாவது முறை சிரித்துவிட்டார். அடுத்த மூன்று முறையும் ஒரே தப்பு. விழும்போது இடது கையால் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பண்ணையில் வேலை செய்யும் பெண்கள் பதினொரு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து ஆள் எவனும் அத்தனை பெண்கள் முன்னால் வேட்டியை விடமாட்டான். இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயா, மூளையப் புழு தின்னுட்டிருக்குது. வேட்டி எங்கீங்கய்யா ஓடிரும்? விடுங்க!"

என் வயிறு குளிர்ந்தது.

ஆறாவது முறை விழுந்தார் பாருங்கள்! கண் மேலே செருகியது, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கூட்டம் கை தட்டியது. "அப்படித்தான், நிறுத்தாதீங்க!" என்று கத்தினார் இயக்குநர். சகலையின் மனைவிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு உள்ளே பற்றி எரிந்தது. எங்கே கற்றுக்கொண்டார் இதை? இதிலும் ஏதாவது தப்பு கிடைக்காதா என்று இடது கையைத் தேடினேன். கை தரையில் விரிந்து கிடந்தது. வேட்டி அவிழ்ந்து முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. அவர் அதைப் பிடிக்கவில்லை.

இந்த மனிதர் வேட்டியை விடுகிற ஆள் இல்லை. அது நடிப்பு இல்லை என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது.

கேமராவுக்கு முன்னால் ஓடினேன். "யாருய்யா அந்தக் கிழவன்?" என்று யாரோ கத்தினார்கள். சகலையின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. புழுவைப் பிடித்து இழுத்தேன், கொஞ்சம் மீசையும் சேர்ந்து வந்தது. "ஐயோ, புழு!" என்று மேக்கப் பெண் அலறினாள். டீ போடுகிறவரிடம் சர்க்கரை வாங்கி, சகலையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கன்னத்துக்கு உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். எனக்கும் சர்க்கரை உண்டு, அதனால் இது தெரியும். படக்குழுவின் வண்டியிலேயே நாமக்கல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

சாயங்காலம் சகலைக்குத் தெளிவு வந்தது. பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன்.

"ஏனுங்ண்ணா, என்ர வேசத்த உங்களுக்குக் குடுத்துட்டாங்களா?" என்றார் முதல் வார்த்தையாக.

"வேசம் கெடக்குது. காலையில சக்கரைக்கு ஊசியப் போட்டுட்டு ஏனுங்க சாப்புடல?"

"சாப்புடறதுன்னா புழுவக் கழட்டோணும். கழட்டுனா, முடியலைன்னு சொல்லி உங்களக் கூப்புட்டுருவாங்களோன்னுதான்..."

"அறிவிருக்குதுங்களா சகல உங்களுக்கு?" என்று திட்டினேன். தொட்டிப் பக்கம் நின்றபோது நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது.

வெளியே வராந்தாவில் இயக்குநர் காத்திருந்தார். அடுத்த நாளே அந்தக் காட்சியை முடித்தாக வேண்டுமாம். "ஐயா, நீங்க பண்றீங்களா?" என்றார். ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டு நான் காத்திருந்த வார்த்தை. அவர் எழுந்து வரட்டும், அதுவரை ஓடுகிற காட்சியை எடுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன அடுத்த நிமிடமே ஏன் சொன்னோம் என்றிருந்தது. அதையும் மறைக்கவில்லை.

சகலை தேறி வந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நடித்துக் கொடுத்தார். இந்த முறையும் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் விழுந்தார். இயக்குநர் அப்படியே விட்டுவிட்டார்.

படம் வந்ததும் குடும்பத்தோடு நாமக்கல்லில் பார்த்தோம். மூளையைப் புழு தின்னும்போதும் வேட்டியை விடாத மனிதரைப் பார்த்துத் தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. நான் ஓடும் காட்சியில் என் முதுகு தெரிந்தது. பக்கத்து வரிசைப் பெண் ஒருத்தி சகலையிடம் வந்து சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டாள். அந்தப் போட்டோவை எடுத்துக் கொடுத்தவன் நான்.

அவர் உயிரைக் காப்பாற்றியது என் பாசம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சகலை சொல்லி வருகிறார். அன்று அவரை அத்தனை கூர்ந்து பார்த்த கண்ணில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். அது இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. ஆனால் அன்று தியேட்டரில் வயிறு எரிந்தபோது, எரிவதற்குக் காரணமான மனிதர் பக்கத்து நாற்காலியில் முறுக்கு கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை மட்டும் இன்றுவரை என்னால் எண்ணிச் சொல்ல முடியவில்லை.