'நில' என்று தொடங்கும் இரண்டு பொடிகள்

நான் எந்தச் சொல்லையும் முழுதாக வாசித்ததில்லை. முதல் இரண்டு எழுத்தைப் பார்ப்பேன். மிச்சத்தை என் புத்தி சொல்லிவிடும். பஸ் பலகையில் 'சிவ' என்று கண்டால் சிவகிரி, 'வாசு' என்றால் வாசுதேவநல்லூர். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட வேறு ஊரில் போய் இறங்கியதில்லை. அதில் எனக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமைதான் கடைசியில் என் கோழிகளின் வயிற்றில் போய் விடிந்தது.

சங்கரன்கோவிலுக்கு வெளியே எங்களுக்கு ஒரு பிராய்லர் கொட்டகை உண்டு. குஞ்சும் தீவனமும் கம்பெனி தரும். வளர்த்துக் கொடுப்பது நானும் என் மருமகளும். வெயில் காலத்தில் கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், தீனியைத் தொடாது, எடை ஏறாது. போன கோடையில் அப்படித்தான் ஆனது. "இந்தத் தடவையும் இப்படின்னா இங்கன குஞ்சு இறக்க மாட்டாங்க ஆச்சி" என்று கம்பெனி சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஒரு வழி சொன்னார். நெல்லிவற்றல் பொடியும் நிலவேம்புப் பொடியும் தீனியில் கொஞ்சம் கலந்தால் கோழி சூடு தாங்குமாம், தீனியும் எடுக்குமாம். சூப்பர்வைசரும் சரி என்றார்.

"எழுதித் தரட்டுமா ஆச்சி?" என்று டாக்டர் கேட்டார்.

"எதுக்குய்யா? நான் பாக்காத பச்சிலையா?" என்றேன்.

நாட்டு மருந்துக் கடையில் முன்பெல்லாம் கேட்டதை மடித்துத் தருவார்கள். இப்போது எல்லாம் பாக்கெட். அலமாரியில் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். 'நில' என்று பார்த்தேன். அள்ளினேன்.

"எதுக்கு ஆச்சி இத்தனை? வீட்ல எல்லாத்துக்குமா?" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

"கோழிக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானத்துக்குள் கொட்டகைத் தரையில் பரப்பியிருந்த உமி சகதியாகிவிட்டது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு காலி பாக்கெட்டோடு வந்தாள்.

"அத்தை, தீனில என்னத்தக் கலந்திய?"

"நிலவேம்பு."

"இது நிலவாகை. மலச்சிக்கலுக்குத் திங்கிறது. கொட்டகை மொத்தத்துக்கும் பேதிக்குக் குடுத்திருக்கிய!"

நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். நிலவேம்பின் கசப்பு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

"கண்ணு மங்கிப் போச்சுட்டி" என்றேன். வாசிப்பு வராது என்பதைவிடக் கண் தெரியாது என்பது எனக்குக் கௌரவமாகப் பட்டது.

தீனியை அள்ளிக் கொட்டினோம். ஈர உமியை மாற்றினோம். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் வைத்தோம். சில கோழிகள் செத்துப்போய்விட்டன. மற்றவை மூன்றாம் நாள் தீனியில் வாய் வைத்தன. பிறகு மருமகள் வாங்கி வந்த நிலவேம்பைக் கலந்தோம். கம்பெனி வண்டி வந்து கோழி பிடிக்கிற அன்று சூப்பர்வைசர் எடை பார்த்துவிட்டு, "ஏதோ தப்பிச்சிய. அடுத்த குஞ்சு வரும். ஆனா மருந்து கலக்குறது யாரு?" என்றார்.

"அத்தைதான். முதல்ல கண்ணக் காட்டிட்டு வாரோம்" என்றாள் மருமகள்.

வேண்டாம் என்றேன். விடவில்லை. கண் டாக்டர் சுவரில் ஓர் அட்டையைக் காட்டினார். அதில் இருந்ததெல்லாம் ஒற்றை ஒற்றை எழுத்து. தனி எழுத்து எனக்கு என்ன பயம்? கடைசி வரி, குட்டி எழுத்து வரைக்கும் சத்தமாகச் சொன்னேன்.

"இந்த வயசுல இப்படி ஒரு கண்ணா!" என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பி மருமகளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அடுத்த குஞ்சுகள் வந்து, வெயிலும் ஏறிய பிறகு, தீனி வாளியோடு ஒரு பாக்கெட்டை மருமகள் என் மடியில் வைத்தாள்.

"நல்ல கண்ணுல்லா அத்தை. முழுசா வாசிச்சிட்டுக் கலக்குங்க."

கோழிகள் கத்துகின்றன. நான் 'வே' வரைக்கும் வந்துவிட்டேன்.