இன்று கெப்புக்கு கியர் ஒயில் மாற்றினேன்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவசரத்துக்கு நோயாளிகளை பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போவது தானாகக் கியர் மாறும் என்னுடைய பழைய ஒட்டோ கியர் கெப் வண்டிதான். கொஞ்ச நாளாக ஏற்றத்தில் இழுக்கவில்லை.

இன்று ஹாலிஎல கராஜில் கொடுத்தேன். மெக்கானிக் செல்வம் அண்ணன் கியர் பொக்ஸின் அடித்தட்டைக் கழற்றினார். ஒயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தது. தட்டில் இரும்புத்தூள் படிந்திருந்தது.

"உள்ளுக்கு தேஞ்சு போச்சு தம்பி. புது ஒயில் ஊத்துனாலும் நம்ப முடியாது."

"ஊத்துங்கண்ணே. தங்கச்சிக்கு இந்த மாசம் பிரசவம்."

புது ஃபில்டரைப் போட்டு ஒயிலையும் ஊற்றினார். வண்டி ரிவர்ஸில் மட்டும் நகர்ந்தது. முன்னால் போக எந்தக் கியரும் பிடிக்கவில்லை.

வண்டியை கராஜிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பினேன். தங்கச்சி வாசலிலேயே கேட்டாள்.

"வண்டி ஓடுதா அண்ணே?"

"பின்னால ஓடுது."

அவள் சிரிக்கவில்லை.

பதுளை வரைக்கும் பின்பக்கமாகவே ஓட்டத் தெரிந்தவர்கள் இருந்தால் கீழே கமெண்டில் சொல்லுங்கள்.