சீதனக் கிணற்றுத் தண்ணீர்

சிலருக்குப் பட்டம் இருக்கும், சிலருக்குப் பதவி இருக்கும். என் மாமனாருக்குக் கிணறு இருந்தது. கலியாணம் பேச வந்தபோது தன் மகளைப் பற்றிப் பேசியதைவிட அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார். வீடு, வயல், கிணற்றில் பங்கு என்று சீதனம் எழுதிய அன்று ஒரு செம்பில் தண்ணீர் அள்ளி வந்து என் கையில் தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்பிடி?"

தண்ணீர் தண்ணீர்போலத்தான் இருந்தது. "நல்லாயிருக்கு மாமா" என்றேன். பெண் வேண்டுமே.

ஊரில் மற்றக் கிணறுகளெல்லாம் சவர், உப்புக் கரிக்கும் என்பது அவருடைய தீர்ப்பு. கொழும்புத்துறையில் வாழ்க்கைப்பட்ட மூத்த மகள் வந்துபோகும் போதெல்லாம், அவள் கேட்காமலே கானில் நிரப்பிக் கொடுத்துவிடுவார்.

என்னிடம் ஓர் உழவு இயந்திரம் இருக்கிறது. என்னைவிட வயது கூடியது. அதற்கு எதை ஊற்றுவது, எதை ஊற்றக் கூடாது என்பது எனக்குத் தெரியும். எஞ்சினுக்குத் தடித்த எண்ணெய்தான் வேண்டும். மெல்லியதை விட்டால் தேய்ந்த சீல்களால் கசிந்து கொட்டில் முழுக்கக் கோலம் போடும். பழைய எண்ணெயைச் சூட்டோடு வடிக்க வேண்டும், அப்போதுதான் அடியில் கிடக்கும் கசடும் சேர்ந்து வரும். கியர் பெட்டிக்கு வேறு எண்ணெய். இதிலெல்லாம் மாமா தலையிட்டதில்லை. எண்ணெய் கடையில் வாங்குவது. அதில் குலப்பெருமை கிடையாது. அவருடைய ராச்சியம் றேடியேற்றர்.

கலியாணம் முடிந்த முதல் வருடம் நான் கடையில் கூலன்ட் வாங்கி ஊற்றியிருந்தேன். விஜயதசமி அன்று இயந்திரத்துக்குச் சந்தனம் பூசி, சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்த மாமா, மூடியைத் திறந்து பார்த்தார்.

"உதென்ன பச்சையாய்க் கிடக்கு?"

"கூலன்ட் மாமா. எஞ்சின் கொதிக்காமல் பாக்கும். இரும்பு கறளும் பிடியாது."

"எங்கடை கிணத்திலை இல்லாத குளிர்மையோ உந்தப் போத்திலுக்கை கிடக்கு? வடிச்சு விடும், தம்பி."

"கிணத்துத் தண்ணியிலை சுண்ணாம்பு இருக்கு மாமா. கேத்திலின்ரை அடியைப் பாருங்கோ, வெள்ளையாய்ப் படிஞ்சிருக்கு."

"கோயில் அபிசேகத்துக்குப் போற தண்ணி. சுவாமிக்குச் சரியெண்டால் உம்மடை மிசினுக்குச் சரிவராதோ?"

சுவாமிக்கு றேடியேற்றர் இல்லையே என்று சொல்ல வாய் எடுத்தேன். மனைவி கண்ணால் அடக்கிவிட்டாள். கூலன்டை வடித்தேன். மாமா துலாவில் அள்ளுவதுபோல ஒரு பாவனையோடு பம்பில் வாளியை நிரப்பி, தேவாரம் படித்து, ஊற்றினார்.

அதன்பிறகு ஒவ்வொரு விஜயதசமிக்கும் அதே கூத்துத்தான். பழைய றேடியேற்றர் கசியும். உழவு நாட்களில் தினமும் மேலும் மேலும் தண்ணீர் கேட்கும். நான் மழைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து வைத்தேன். "கூரை கழுவின தண்ணி" என்று மூக்கைச் சுளித்துக் கவிழ்த்து விட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

போன வருடம் பூசை முடிந்த கையோடு வானம் கறுக்கத் தொடங்கியது. எங்கள் வயலை மழைக்கு முன் புழுதியாக உழுது விதைத்துவிட வேண்டும். மழை முந்தினால் பள்ளக் காணியில் தண்ணீர் நின்றுவிடும், இயந்திரம் இறங்காது, அந்த வருட நெல் போய்விடும். அவசரமாக இறக்கினேன். அரைவாசி வயல்கூட உழவில்லை, சூட்டு முள் மேலே ஏறி, முன்பக்கத்தால் ஆவி சீறியது. உருட்டிக்கொண்டு வயலோரம் இருந்த மாமா வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவர் கோயிலுக்குப் போயிருந்தார்.

ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றலாம் என்று மாமியிடம் ஒரு வாளி கேட்டேன். பாவம், ஓடிப்போய் கிணற்றடியிலிருந்து தூக்கி வந்தார். தாகம் தாங்காமல் நான் அதிலேயே கையை விட்டேன்.

"ஐயோ, அதைக் குடியாதேங்கோ தம்பி! அது மிசினுக்கு. பொறுங்கோ, ஃபில்ரர் தண்ணி கொண்டு வாறன்."

பின்னாலேயே போனேன். குசினி மூலையில், பழைய சீலையால் மூடி, விலைக்கு வாங்கிய தண்ணீர்க் கான்கள் நீலநீலமாக நின்றன.

"எப்ப தொடக்கம் மாமி?"

"மாமாவுக்குக் கிட்னியிலை கல்லு எண்டு டொக்டர் சொன்னதிலை இருந்து. இஞ்சத்தைத் தண்ணியைத் தொடக் கூடாதாம். வெளியிலை தெரிஞ்சால் மரியாதை இல்லையெண்டவர். நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தான் தொடக் கூடாத தண்ணீரைத்தான் அந்த மனிதர் அந்த வருடமும் தேவாரம் படித்து என் இயந்திரத்துக்கு ஊற்றியிருந்தார். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினேன். நான் தேடித் தெரிந்து வாங்கிய எண்ணெய், பால்தேத்தண்ணி நிறத்தில் ஒட்டி வந்தது. சூட்டில் எஞ்சினின் தலை வளைந்து, தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்கிவிட்டது. றேடியேற்றர் குழாய்களை விரலால் சுரண்டினேன். வெற்றிலைக்குத் தடவலாம் போலச் சுண்ணாம்பு வந்தது. அன்று பின்னேரமே மழை கொட்டியது. வயல் குளமாயிற்று.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒருநாள் மாமா குடை பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நேரத்தோடை உழுதிருக்கலாமெல்லே, தம்பி? சீதன வயல் இப்பிடிச் சும்மா கிடந்ததாய்ச் சரித்திரமே இல்லை."

நான் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

"என்ன தண்ணி?"

"உங்கடை கிணத்துத் தண்ணிதான் மாமா. குடியுங்கோ."

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வந்த வீட்டில் தந்த தண்ணீரை வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். செம்பை வாயருகே கொண்டுபோனார். பிறகு திரும்பி, கொட்டும் மழையில் தொப்பலாக நனைந்துகொண்டிருந்த செம்பரத்தையின் அடியில் மெதுவாக ஊற்றினார்.

"மரத்துக்கு நல்லது" என்றார்.