சனிக்கிழமை சார்ஜென்ட்

டெப்போவில் அவளுக்குப் பட்டாளத்தக்கா என்று பெயர். ஏழாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு மட்டும் டிரைவர் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, பச்சை உடுப்பை மாட்டிக்கொண்டு ரிசர்வ் படைக்குப் போய்விடுவாள். ரிசர்வ் என்றால் முழுநேரப் பட்டாளம் இல்லை. சண்டை வந்தாலோ வெள்ளம் வந்தாலோ கூப்பிடுவார்கள், போக வேண்டும். மற்ற நாட்களில் பஸ் ஓட்டலாம், கடை வைக்கலாம், அது அவரவர் பாடு.

அங்கே அவள் லாரிப் பிரிவுக்கு சார்ஜென்ட். அவளுக்குக் கீழே சில டிரைவர்கள், இரண்டு கார்ப்பரல்கள். அந்த இரண்டு பேரில் மூத்தவர் வேறு யாரும் இல்லை, டெப்போ மேனேஜரேதான்.

"வாரம் பூரா நான் அவரை சார் சார்னு கூப்பிடுறேன், மாசத்துக்கு ஒரு வாட்டி அவரு என் பேச்சைக் கேக்குறாரு. இதுக்குப் போயி பொறாமைப்படுறீங்களே," என்று கண்டக்டர்களிடம் சொல்வாள்.

அவளுக்கும் மேனேஜருக்கும் நடுவில் பேசாமலே ஒரு ஒப்பந்தம் இருந்தது. முகாம் வாசலைத் தாண்டியதும் அவர் அக்கா என்று கூப்பிடுவதை விட்டுவிடுவார். டெப்போ வாசலுக்குள் வந்ததும் இவள் சார்ஜென்ட் குரலை விட்டுவிடுவாள். ஒரே ஒரு தடவைதான் தவறியது. ஒரு திங்கட்கிழமை காலை இரண்டு டிரைவர்கள் வெளியேறும் வழியை மறித்துக்கொண்டு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருக்க, இவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு அதட்டல் போட்டாள். சண்டை போட்டவர்கள் அசையவில்லை. அந்தப் பக்கம் கையில் டீயோடு வந்துகொண்டிருந்த மேனேஜர்தான் சட்டென்று விறைப்பாக நின்றுவிட்டார். டெப்போ அதை வைத்து ஒரு வாரம் பிழைப்பு நடத்தியது.

அவரைப் படையில் சேர்த்துவிட்டதே இவள்தான். மனைவி வேலைக்காக வெளிநாடு போன பிறகு, மனிதர் விடுமுறை நாளிலும் டெப்போவுக்கே வந்து உட்கார்ந்து, எந்த பஸ் எத்தனை நிமிஷம் தாமதம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். லீவு நாளில் இங்கே வந்து எங்கள் உயிரை வாங்குவதற்கு, எங்களோடு வந்து லாரி ஓட்டுங்கள் சார் என்று இவள்தான் சொன்னாள். வந்தார். ஓட்டினார். வண்டிகளின் ஆயில் முதல் டிரைவர்களின் கண் பரிசோதனை வரை ஒன்றையும் மறக்க மாட்டார். அவர் கார்ப்பரல் ஆனபோது டெப்போவில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

இவள் சேர்ந்த கதை வேறு. கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள். நாட்டுப்பற்று என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டாள். கனரக வாகன லைசென்ஸை ரிசர்வ் படையில் இலவசமாக எடுத்துக் கொடுத்தார்கள், அதுதான் காரணம். பொம்பளப் பிள்ளைக்கு லாரி எதற்கு என்று கேட்ட அப்பா, அந்த லைசென்ஸை வைத்து அவளுக்கு டெப்போவில் வேலை கிடைத்ததும் கேள்வியை மறந்துவிட்டார். வேலை கிடைத்த பிறகு விட்டுவிட்டு வந்திருக்கலாம். விடவில்லை. தன் பின்னால் பத்து லாரி ஒரே சீராக வளைந்து வருவதைக் கண்ணாடியில் பார்ப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை என்று ஒருமுறை கணவனிடம் சொன்னாள். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவன், மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்த்துக்கொண்டே, "நான் கூடவா?" என்று கேட்டான்.

ரிசர்வ் படையில் பதவி உயர்வு ஆமை வேகம். முழுநேரப் பட்டாளத்தில் ஒருவன் நன்றாக வேலை செய்தால் வேறு ஊரில் ஒரு நாற்காலியைக் காட்டி அங்கே போ என்பார்கள். இவர்கள் எங்கே போவது? வேலை இங்கே, வீடு இங்கே, பிள்ளையின் பள்ளிக்கூடம் இங்கே. தன் யூனிட்டில் மேலே இருப்பவர் எழுந்தால்தான் உண்டு. அவரோ எழவே மாட்டார். மகள் பிறந்த வருஷம் ஒரு முகாம் தவறிப்போனது, குழந்தைக்கு அம்மை போட்ட வருஷம் இன்னொன்று தவறியது. இவளுக்குப் பின்னால் வந்தவர்கள் பக்கத்து யூனிட்டில் இவளைத் தாண்டிப் போனார்கள். இவள் சார்ஜென்ட்டாகவே இருந்தாள்.

அப்படி இருந்த நேரத்தில்தான் லாரிப் பிரிவின் வாரண்ட் ஆபீசர் ஓய்வு பெறப்போகிறார் என்று செய்தி வந்தது. சார்ஜென்ட்டுக்கு மேலே அதுதான் படி. யூனிட்டுக்குத் தலைவரான மேஜர் அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். இடம் அவளுக்குத்தான், ஆனால் அடுத்த மாதம் தொடங்கும் இரண்டு மாதப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அதை விட்டால் அடுத்த பயிற்சி வருவதற்குள் அவளுக்கு சார்ஜென்ட்டுக்கான வயது வரம்பு முடிந்துவிடும். வாரண்ட் ஆனால் இன்னும் பல வருஷம் இருக்கலாம். ஆகாவிட்டால் உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பயிற்சிக்கு விடுப்பு தருவது மேனேஜர் கையில் இருந்தது. தரத்தான் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆள் பற்றாக்குறை இருந்தால் ஒரு முறை தள்ளிப்போடலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இவளுக்கு அந்த ஒரு முறையே போதும், கதை முடிந்தது.

இன்னொரு முடிச்சும் இருந்தது. பயிற்சிக்குப் போகும் முன்பு தன் பிரிவில் இருப்பவர்களைப் பற்றிய வருஷ மதிப்பீட்டை அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வருஷம் கார்ப்பரலிலிருந்து சார்ஜென்ட் ஆகக் காத்திருந்தவர் மேனேஜர். எழுதியதை எழுதியவளே அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி.

அவள் விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, மேனேஜர் அதைப் படித்து, மேசைமேல் வைத்து, காகிதம் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

"பாப்போம்க்கா. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், டிரைவர் பத்தாது. ஆனா நாம ஒருத்தருக்கொருத்தர் பாத்துச் செஞ்சுக்கலாம்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவளுக்குக் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

சிக்கல் என்னவென்றால் போன முகாம். வருஷத்துக்கு ஒரு முறை எல்லோரும் மலையடிவாரத்துக்குப் போவார்கள். அந்தத் தடவை லாரி வரிசையை முன்னால் நின்று நடத்திக்கொண்டு போகும் பொறுப்பை அவள் மேனேஜரிடம் கொடுத்திருந்தாள். அவள் வேறு வேலையாக முன்னாடியே போய்விட்டாள். வரிசைக்கு ஒரே விதிதான்: கடைசி வண்டி கண்ணில் படாமல் முதல் வண்டி நகரக் கூடாது. புறப்படும் நேரத்தில் கடைசியில் நின்ற தண்ணீர் லாரிக்கு டயர் பஞ்சர். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க பஸ்களை நேரத்துக்கு அனுப்பியே பழகிய மனிதர். ஒரு பயணிக்காக பஸ் நிற்காது என்பது அவர் ரத்தத்தில் ஊறிய பாடம். புறப்பட்டுவிட்டார். பாதி வழியில் இன்னொரு லாரி பின்தங்கியது, அதற்கும் நிற்கவில்லை. சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம்கூடப் பிசகாமல் போய்ச் சேர்ந்து, பெருமையாக இறங்கி வந்து அவளிடம் அறிக்கை சொன்னார். தண்ணீர் சாயங்காலம்தான் வந்தது. அதுவரை முகாம் முழுக்க நாக்கு வறண்டு கிடந்தது. அப்போதும் அவருக்குப் புரியவில்லை. பஞ்சர் ஆனது என் தப்பா என்று கேட்டார்.

வீட்டில் கணவன் எளிதாகச் சொன்னான். நல்லவிதமாக எழுதிக் கொடுத்துவிடு, அவரும் கையெழுத்துப் போடுவார், இரண்டு பேருக்கும் நல்லது. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவரைவிட மோசமான ஆட்கள் சார்ஜென்ட்டாக இருப்பதை அவளே பார்த்திருக்கிறாள்.

"தண்ணி லேட்டா வந்துச்சு. அவ்வளவுதானே? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"ஒத்திகைங்க அது. நெசமா இருந்தா, பின்தங்கி நடுரோட்டுல தனியா நின்ன லாரியில இருந்த ரெண்டு பசங்க உசுரோட வந்திருப்பாங்களா?"

 அப்படியானால் உனக்குப் பதவி வேண்டாமா என்று கேட்டான். வேண்டும் என்றாள். எழுந்து போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். வேண்டும், மிகவும் வேண்டும் என்பதை இவ்வளவு நாளும் அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த வார சனிக்கிழமை முகாமில் உட்கார்ந்து எழுதினாள். வண்டிப் பராமரிப்பில் அவரை மிஞ்ச ஆள் இல்லை, ஆட்களின் நலனில் அக்கறை உள்ளவர், இதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதினாள். கடைசியில், வரிசையைத் தனியாக நடத்த இன்னும் தயாராகவில்லை, இந்த வருஷம் உயர்வு வேண்டாம் என்று எழுதினாள்.

மேஜர் அதைப் படித்துவிட்டு, நீ பயிற்சிக்குப் போனால் அந்த இரண்டு மாதமும் பிரிவை யார் பார்ப்பது என்று கேட்டார். அவள் மேனேஜரைத்தான் சொன்னாள். மேஜர் காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தயாரில்லன்னு நீதானே எழுதியிருக்கே?"

"ஆமா சார். பக்கத்துல நீங்க இருக்கும்போதே பழகிக்கட்டும். பின்னாடி திரும்பிப் பாக்க வேற எங்க பழகுவாரு?"

மேஜர் யோசித்துவிட்டு சரி என்றார். நானே சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், நேரம் பார்த்து நானே சொல்கிறேன் என்றாள்.

மறுநாள் லாரிக் கொட்டகையில், கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டிகளில் எதிரெதிரே உட்கார்ந்து அவருக்குப் படித்துக் காட்டினாள். இரண்டு மாதப் பொறுப்பைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அது பேரம் ஆகிவிடும் என்று விழுங்கிக்கொண்டாள். அவர் புகழ்ச்சியைக் கேட்டபோது தலையாட்டினார். கடைசி வரியில் தலை நின்றுவிட்டது. வெகுநேரம் தன் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கு திங்கக்கிழமை. ஞாபகம் இருக்கா சார்ஜென்ட்?"

"இருக்கு கார்ப்பரல்."

அவர் கண் கலங்கியிருந்ததை அவள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

திங்கட்கிழமை முதல் நடையை முடித்துவிட்டு அவர் அறைக்குப் போனாள். விடுப்பைத் தள்ளிப்போட்டிருப்பதாகச் சொன்னார். குரலில் வன்மம் இல்லை, களைப்புதான் இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிறது, ஏழாம் நம்பருக்கு ஆள் இல்லை, அவர் என்ன செய்வார்? பொய்யும் இல்லை. சுவரில் இருந்த அட்டவணையில் காலி இடங்கள் அவளுக்கே தெரிந்தன.

அவள் அந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டெப்போவில் மூத்தவர்களுக்குத்தான் நிரந்தரத் தடம். ஏழாம் நம்பர் கிடைக்க அவள் எத்தனையோ வருஷம் காத்திருந்தாள். அதிகாலையில் ஆரம்பித்து மதியம் முடிந்துவிடும். மகள் பள்ளிவிட்டு வரும்போது அவள் வீட்டில் இருப்பாள். தடத்தை விட்டுக்கொடுத்தால் உபரி டிரைவர். எந்த பஸ்ஸுக்கு ஆள் வரவில்லையோ அதை ஓட்ட வேண்டும், எந்த ஷிஃப்டானாலும். ஆனால் இந்தத் தடத்துக்கு ஆசைப்படாத உபரி டிரைவரும் டெப்போவில் கிடையாது.

"ஏழாம் நம்பரை விட்டுக்கொடுத்துடுறேன் சார். உபரியில இருக்குற யாருக்காவது போடுங்க. காலையில கேட்டா காலையிலயே வந்து நிப்பாங்க. நிரந்தரத் தடம் காலியா இருந்தாத்தான் பற்றாக்குறை, உபரியில ஒரு ஆள் கொறைஞ்சா அப்படி எழுத முடியாது."

மேனேஜர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"திரும்பி வந்தா கிடைக்காதுக்கா."

"தெரியும் சார்."

"புள்ள வேற சின்னதா இருக்கு."

"தெரியும் சார்."

அவர் கண்ணாடிக் குண்டை நகர்த்தி, விண்ணப்பத்தை எடுத்து, தள்ளிப்போட்டதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, இவ்வளவு பிடிவாதம் எதற்கு, நேற்று ஒரு வரியை மாற்றி எழுதியிருந்தால் இதெல்லாம் தேவைப்பட்டிருக்காதே என்றார். திட்டுகிற மாதிரி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி இருந்தது.

அவள் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் சொன்னாள், அந்த இரண்டு மாதமும் லாரிப் பிரிவு அவர் பொறுப்பு என்று. மேஜர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றும் சொன்னாள்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே," என்றார் அவர், சின்னக் குரலில்.

"சொல்லியிருந்தா நீங்க எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்கன்னு நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாமப் போயிருக்கும் சார்."

அவர் காதுமடல் சிவந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே நின்ற பஸ்களைப் பார்த்தார். போங்கக்கா, அடுத்த நடைக்கு நேரமாச்சு என்றார். அது வழக்கமாகச் சொல்கிற வாக்கியம்தான்.

படிக்கட்டில் இறங்கிக்கொண்டே கணவனுக்குப் போன் செய்தாள். கடையில் தேய்க்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. விடுப்பு கிடைத்துவிட்டது என்றாள். அவன் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் ஏழாம் நம்பர் போய்விட்டது என்பதையும் சொன்னாள். இயந்திரச் சத்தம் நின்றது.

"அப்ப சாயங்காலம் பாப்பாவுக்குக் கதவை யாரு தெறக்குறது?"

"நீங்கதான் கொஞ்ச நாளைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்தணும். நான் திரும்பி வந்த பிறகும்தான்."

 அவனுக்குக் கோபமா, யோசனையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. சாயங்காலம்தான் மூக்குக்கண்ணாடி வாங்க ஆள் வரும், அது அவளுக்கும் தெரியும். மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்கவில்லை.

"தினமும் சாத்த முடியாது," என்றான் கடைசியில். "பாப்பாவைக் கடைக்கே வரச் சொல்லு. உள்ள ஒரு மேசை போட்டுத் தர்றேன். அங்க உக்காந்து படிக்கட்டும்."

அவள் சரி என்றாள்.  ஏழாம் நம்பரில் ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். கண்டக்டர் இவளைப் பார்த்து, என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு, பதவி போச்சா வந்துச்சா என்று கேட்டான். ஏறி சீட்டில் உட்கார்ந்து, வந்துச்சு, விசிலடி என்றாள்.